சைக்காலஜி படிக்கப் போகும் பிள்ளைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக நீங்கள் போடும் வழிகாட்டிப் பக்கத்தில் கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மருத்துவ உளவியல் பற்றி வந்ததைப் படித்தேன். எங்கே படிக்கலாம், எத்தனை வருஷம், என்ன சம்பளம் கிடைக்கும் என்பதெல்லாம் இருந்தது. நல்லது, பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். ஆனால் எப்படிப்பட்ட பிள்ளைகள் இதற்குப் போகலாம் என்ற இடத்தில் ‘பொறுமையும் பிறருக்கு உதவும் மனப்பான்மையும் உள்ளவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது ரேஷன் கடையில் வேலைக்குப் போகிறவருக்கும் பொருந்தும். நான் மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டாக்டர்களும் சைக்காலஜிஸ்டுகளும் நோயாளியிடம் என்ன பேசினார்கள் என்பதையும் கேட்டிருக்கிறேன், அவர்கள் எழுந்து போன பிறகு நோயாளியும் வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் கேட்டிருக்கிறேன். அதனால் உங்கள் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் நீட்டி எழுதலாம் என்று தோன்றியது. ரொம்ப நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், ‘ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் பிரச்சினைன்னா எங்கிட்டதான் வருவாங்க, நான் நல்லா அட்வைஸ் பண்ணுவேன்’ என்பதுதான். அதைக் கேட்டதுமே எனக்கு லேசாகப் பயம் வந்துவிடும். அட்வைஸ் சொல்ல நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மாமன், சித்தி, பங்குத் தந்தை, உபதேசியார், டியூஷன் சார், மார்த்தாண்டம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒருவரும் பாக்கியில்லாமல் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு ஆள் மனசு கலங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கே வருகிறார். ‘ஜெபம் பண்ணு’, ‘கோயிலுக்குப் போ’, ‘நல்லா சாப்பிட்டு உறங்கு’, ‘ஒரு கல்யாணத்த முடிச்சு வச்சா எல்லாம் சரியாயிரும்’ என்று எல்லாம் கேட்டாகிவிட்டது. அதற்கு மேல் இன்னொன்றைச் சொல்வதற்கு ஒரு பிள்ளை இளங்கலை, முதுகலை, அப்புறம் இதுவரை இருந்த முறைப்படி இரண்டு வருஷ எம்.ஃபில். என்று ஏழு வருஷம் செலவழிக்க வேண்டியதில்லை.

‘எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதனால இது’ என்று சொல்கிற பிள்ளைகளை நான் குறைவாக நினைப்பதில்லை. வேறு வழியில்லாமல் வந்து, வந்த இடத்தில் மனசு ஒட்டிப்போய் நன்றாக வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சினிமாவில் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதல் வருஷத்திலேயே தெளிந்துவிடுவார்கள், அவர்களைப் பற்றியும் கவலையில்லை. சொந்த வீட்டில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ மனநோய் இருந்து, அதைப் பார்த்தே வளர்ந்து, அதனால் இதைப் படிக்க வருகிற பிள்ளைகள் உண்டு. அவர்களை நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே நம்புவேன். ஆனால் தன் வீட்டுக் கதையை ஒரு மூத்தவரிடம் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் வருகிற நோயாளிகளின் அம்மாக்களெல்லாம் இவர்களுக்குச் சொந்த அம்மாவாகவே தெரிவார்கள், அங்கே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க நாக்கு வராது.

அப்புறம் ஊழியம், சேவை. நம்ம மாவட்டத்தில் இந்த நோக்கத்தோடு வருகிறவர்கள் நிறைய. நான் அதற்கு எதிரியில்லை, நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து நர்ஸிங் போனவள்தான். ஆனால் சேவை செய்யத்தான் வந்தேன் என்கிற ஆளுக்குள், நோயாளி நன்றியோடு இருக்க வேண்டும், சீக்கிரம் குணமாக வேண்டும், முடிந்தால் நம்ம வழிக்கும் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கேயாவது ஒளிந்திருக்கும். கடவுள் மேலேயே கோபமாக இருக்கிற ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால் அப்போது அது வெளியே வந்துவிடும்.

எனக்குப் பிடித்த நோக்கம் எதுவென்றால் வெறும் ஆர்வம். அடுத்த வீட்டில் ஏன் இப்படிச் செய்கிறார்கள், அவர்கள் சாமி என்ன, சாவு வீட்டில் என்ன செய்கிறார்கள், கோபம் வந்தால் அங்கே யார் யாரிடம் பேசாமல் இருப்பார்கள் என்று, குறை சொல்வதற்காக இல்லாமல் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குணம். வம்பு பேசுகிறவர்களுக்கும் இதே ஆசை உண்டு, தெரிந்துகொண்டதை அவர்கள் மதில் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டு போவார்கள், அதுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ‘நான் இந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாத பண்பாடா? அதெல்லாம் லண்டனுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் படிக்க வேண்டியது.’ அங்கேதான் எனக்கு முழு முரண்பாடு. 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்புப்படி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையப் பாதிப்பாதி, கூடவே இஸ்லாமியர். கிறிஸ்தவர்கள் என்று ஒரு வார்த்தையில் சொன்னாலும் லத்தீன், மலங்கரை, சி.எஸ்.ஐ., சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே என்று ஒவ்வொரு வீட்டிலும் பழக்கம் வேறு. அய்யாவழிக்காரர்களாகச் சாமித்தோப்புக்குப் போகிற குடும்பத்துக்கு வேறு முறை. தோவாளையில் பூ கட்டுகிற வீடும், நாஞ்சில் நாட்டு வயல்கார வீடும், குலசேகரம் பக்கம் அதிகாலையிலேயே ரப்பர் வெட்டப் போகிற வீடும், முட்டத்துக் கடற்கரை வீடும், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்பும் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குள் சாப்பிட்டதுகூடக் கிடையாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும், பேச மாட்டோம். விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் பேச்சில் பாதி மலையாளம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்தோம், வீட்டுக்குள் இருந்த பேச்சு அந்த ஒரு நாளில் மாறிவிடவில்லை. இப்போது கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் வேறு வந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் மனசு கலங்கும்.

ஆக, ஊர்க்காரி என்பதே ஒரு ஆபத்தாகவும் முடியலாம். எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர் கேட்க மாட்டார்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வருகிறவரிடம் மனநிலைப் பரிசோதனை செய்வார்கள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், இந்தப் பழமொழிக்கு என்ன அர்த்தம் என்று போகும். முடிவெடுக்கும் திறனைப் பார்க்க, தலைமுறை தலைமுறையாக மாறாத கேள்வி ஒன்று உண்டு: ‘தெருவில் அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் கிடக்கிறது, என்ன செய்வீர்கள்?’ தபால் பெட்டியில் போடுவேன் என்றால் பாஸ். தூக்கம் வரவில்லை என்று வந்திருந்த, கடலுக்குப் போகிற ஒரு பெரியவரிடம் பயிற்சிக்கு வந்த பையன் இதைக் கேட்டான். அவர், ‘அது யாருக்க சாதனமோ, நான் எதுக்குத் தொடணும்?’ என்றார். பையன் முடிவெடுக்கும் திறன் குறைவு என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டான். மறுநாள் மூத்த சைக்காலஜிஸ்ட் அம்மா ஒருவர் வந்தார். கவரை விட்டுவிட்டு, ‘ஆழ்கடல்ல படகு எஞ்சின் நின்னு போச்சு, காத்தும் மாறுது. என்ன செய்வீங்க?’ என்று கேட்டார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயர்லெஸ்ஸில் முதலில் யாரைக் கூப்பிடுவது, வலையை அறுத்துவிடலாமா கொஞ்சம் பொறுக்கலாமா, முதல் தடவை கடலுக்கு வந்த பையனை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேஸ் ஷீட் திருத்தப்பட்டது. அந்த அம்மாவுக்குக் கடல் தெரியாது, அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆனால் எதிரே இருக்கிற ஆள் எதில் முடிவெடுத்து வாழ்கிறார் என்று யோசிக்கத் தெரிந்தது. பையன் உள்ளூர்க்காரன்தான்.

பழமொழிக் கதையும் அப்படித்தான். மலையாளம் பேசுகிற வீட்டிலிருந்து வந்த பாட்டியிடம் ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்டு, அவர் யானை விழுந்த கதை ஒன்றைச் சொன்னதும், சொல்லின் உள்ளர்த்தத்தைப் பிடிக்க முடியவில்லை என்று குறித்துக்கொள்வது. பாவம் பாட்டி.

இன்னொரு இடம், சாமி. இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில்களின் கொடைத் திருவிழாவில் சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது சாதாரணம். அதே பிள்ளை உபவாச ஜெபத்தில் ஒரு பெண் அந்நிய பாஷை பேசுவதைப் பார்த்தால் வாயைப் பொத்திச் சிரிக்கும். ஜெபக்கூட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஆவியின் வரம், கொடையில் ஆடுவது பிசாசு. இரண்டு பேரும் நாளைக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து நோயாளியைப் பார்க்கப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலேயே இதற்கு வரையறை இருக்கிறது: ஆவி பிடித்தது போன்ற நிலை அந்த ஆள் விரும்பாமல் வந்து, மத வழக்கமோ பண்பாடோ ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பத்துக்கு வெளியே நடந்தால்தான் அதைக் கோளாறு என்று கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியானால் எது ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பம் என்று யாரைக் கேட்பது? வீட்டுக்காரர்களைத்தான். கொடை அன்றைக்கு வந்தால் சாமி என்பார்கள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுப்படியில் வந்தால் ‘இது சாமி இல்லம்மா, பிள்ளைக்கு வேற என்னமோ’ என்று அவர்களே சொல்வார்கள். கேட்கிறவர் முகத்தில் சிரிப்போ அருவருப்போ தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகத்தை அடக்கத் தெரிவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். என் அனுபவத்தில் அந்த இடத்தில் தோற்றவர்கள்தான் அதிகம்.

இதே காரணத்துக்காகத்தான் ‘இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கெல்லாம் கொண்டு போனீங்க?’ என்ற கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். நம்ம மாவட்டத்தில் வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் போகாமல், நேர்ச்சை வைக்காமல், யாரோ கூடோத்திரம், அதாவது செய்வினை, செய்துவிட்டார்கள் என்று ஒரு மந்திரவாதியைப் பார்க்காமல் நேரே மனநலப் பிரிவுக்கு வருகிறவர்கள் குறைவு. ‘படிச்சவங்களா இருந்துட்டு இப்படிப் பண்ணலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், மந்திரவாதி மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள். பிறகு ஏன் நோய் குறையவில்லை என்று இங்கே மண்டையை உடைத்துக்கொள்வோம். ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970-களிலேயே எளிய கேள்விகள் சிலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஏன் இந்தச் சமயத்தில் ஆரம்பித்தது, எதற்கு ரொம்பப் பயப்படுகிறீர்கள், என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்ற மாதிரி. படித்தால் இதுக்கு ஒரு புத்தகமா என்று தோன்றும். ஆனால் பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருக்க எத்தனை பேரால் முடிகிறது என்று பாருங்கள்.

சரி, நோயாளி கேட்கும் கேள்விக்கு வருவோம். ‘மக்களே, நீ யாருக்க மோள்? ஒனக்க வீடு எங்க?’ நம்ம ஊரில் சைக்காலஜிஸ்டாக உட்காரும் எந்தப் பெண்ணும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சிகிச்சை தருகிறவர் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று பாடப்புத்தகம் சொல்லும். பதில் சொல்லாவிட்டால் இவளுக்கு என்ன மிடுக்கு என்பார்கள். சொன்னால் ஊர், சாதி, கோயில், பங்கு எல்லாம் ஒரே நொடியில் கணக்குப் போட்டு, இவளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் கல்யாண வீட்டில் வெளியே வரும் என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்த அம்மா கேட்பது வம்புக்கு இல்லை, பாதுகாப்புக்குக் கேட்கிறார். இதைப் புரிந்துகொண்ட ஒரு பெண் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்: ‘நான் தக்கலைப் பக்கந்தான்மா. உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சவங்க யாராவது இருக்கத்தான் செய்வாங்க. அவங்களே வந்து கேட்டாலும் இங்க பேசினது வெளிய போவாது.’ அந்த அம்மா அதற்கப்புறம்தான் மகளுக்கு ஏன் கல்யாணம் முறிந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி கடமை. ஆனால் சட்டத்தைவிட அந்தப் பெண் திங்கள்சந்தையில் நோயாளியை எதிரே பார்த்தாலும் அவராகப் பேசாதவரை தெரியாத மாதிரி நடந்து போவாள் பாருங்கள், அதைத்தான் ஊர் நம்பும்.

வீட்டுக்காரர்கள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பையனைக் கொண்டுவந்தால் கூட அம்மா, பெரியம்மா, மாமா, சில நேரம் சபைப் போதகர் என்று அறை நிறைந்துவிடும். தனியாகப் பேசத்தான் வேண்டும் என்று படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். மாமா கோபித்துக்கொண்டு பையனையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நம் நாட்டில் இதற்கு வேறு வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் குடும்பத்தாரையும் வளாகத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்கவைத்து, அவர்களையும் சேர்த்தே சிகிச்சை நடத்தினார். வேலூரில் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டுக்காரர் ஒருவர் தங்கும் பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. ‘மாமா, நீங்க சொல்றத முழுசா கேக்கணும். தம்பிகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு உங்களத் தனியா கூப்பிடுறேன்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மாமாவும் கிடைப்பார், தம்பியும் கிடைப்பான்.

பரீட்சையில் தோற்றுவிட்டு வருகிற பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்தில் படிப்பு வெறும் படிப்பு இல்லை. மாரை மறைக்கும் உரிமைக்காகவே போராடி 1859-இல் ஆணை வாங்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தார்கள். அந்த வீட்டில் ஒரு மார்க் ஷீட்டுக்கு உள்ள கனம் வேறு. ‘மார்க்தானே, விடு’ என்று லேசாகச் சொல்கிற கவுன்சிலரிடம் அந்தப் பையன் இரண்டாவது தடவை வர மாட்டான். அவனுடைய தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுப் பார்த்தால் வேறு கதை வரும்.

ஒக்கிப் புயலையும் விட்டுவிட முடியாது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்தது. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று எந்த ஊரில் கேட்டாலும் உடல் கிடைக்காத ஆட்கள் உண்டு. அதன்பிறகு ஒரு பெண் தன் வீட்டுக்காரரின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தாள். அவளிடம் பேச வந்த ஒரு கவுன்சிலர், உண்மையை ஏற்றுக்கொண்டால்தான் மனசு ஆறும் என்று சொல்லியிருக்கிறார். எது உண்மை? உடல் இல்லாமல் அடக்கப் பூசை வைப்பதா, ஒப்புக்கொடுத்துவிட்டால் அவரைத் தானே சாகடித்த மாதிரி ஆகுமா, தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, மாமியார் நம்பிக்கையோடு இருக்கும்போது தான் மட்டும் எப்படி விடுவது, இத்தனையும் அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருதுவதற்கே பொதுவாக ஏழு வருஷம் ஆகும். இந்த மாதிரி முடிவு தெரியாத இழப்பைத் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், வியட்நாம் போரில் காணாமல் போன ராணுவத்தினரின் குடும்பங்களோடு வேலை செய்தவர். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டே வாழக் கற்றுக்கொள்ள உதவுவதுதான் வழி, முடித்து வை என்று அவசரப்படுத்துவது இல்லை என்பது அவர் கருத்து. அது அமெரிக்காவில் எழுதப்பட்டது என்றாலும் தூத்தூரில் பொருந்துகிறது. ஆனால் பூசை, தாலி, மாமியார் பற்றியெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்காது, அதை அந்தப் பெண்ணிடம்தான் படிக்க வேண்டும். கேட்கிறவர் அவளுக்காக முடிவெடுக்காமல் இருக்க வேண்டும். எதையாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிற பிள்ளைகளுக்கு இது ரொம்பக் கஷ்டம்.

இத்தனையும் படித்துவிட்டு, சரி, ஒவ்வொரு சாதியைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் ஒரு குறிப்பேடு போட்டுப் படித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால் அதுவும் கெடுதல்தான். மெலனி டெர்வலோன், ஜான் முர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வரும். அறுவை சிகிச்சை முடிந்து வலியில் முனகுகிற லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர். அதே இனத்து மருத்துவர் ஒருவர், அவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே என்கிறார். நர்ஸ், தான் பண்பாட்டு வகுப்பில் படித்திருப்பதாகவும் அந்த இனத்துக்காரர்கள் வலியை மிகைப்படுத்துவார்கள் என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறார். நர்ஸ் என்பதால் எனக்கு அது ரொம்பச் சுட்டது. நம்ம வார்டுகளிலும் ‘கடற்கரைக்காரங்க சத்தம் போடத்தான் செய்வாங்க’ என்ற பேச்சைக் கேட்காதவர் யார்? பாதி தெரிந்துகொண்டு, தெரிந்ததை ஆள் மேல் ஒட்டுகிறவரைவிட ஒன்றும் தெரியாமல் கேட்கிறவர் எவ்வளவோ மேல். அந்த இரண்டு மருத்துவர்கள் கேட்பதும் அதுதான்: பண்பாட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்று சொல்லாதே, சாகும்வரை பணிவோடு கற்றுக்கொண்டே இரு, உன் கையில் இருக்கிற அதிகாரத்தையும் கவனி.

பணிவு என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கமும் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ‘குடிச்சிட்டு அடிக்கறது அவங்க சமூகத்துல வழக்கம், நாம தலையிட முடியாது’ என்று ஒரு படித்த ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடி வாங்குகிற பெண் அதை வழக்கம் என்று சொன்னாளா? ஏர்வாடி தர்கா பக்கத்தில் நடந்த தீ விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. அங்கே குணமாகும் என்ற நம்பிக்கையோடு கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் தீயில் இறந்தார்கள். நம்பிக்கையை மதிக்கிறேன் என்று சொல்லிச் சங்கிலியைப் பார்க்காமல் போவது மதிப்பு ஆகாது. அதற்காக தர்காவுக்கே போகக்கூடாது என்று சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதே ஏர்வாடியில் பிற்பாடு மருந்தும் துஆ என்கிற பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது, குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் ஒரு தர்காவில் முன்பே நடந்த முறை அது. ஓதுகிறவர் ஓதட்டும், டாக்டரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று. நம்ம மாவட்டத்து மனநலக்காரர்கள் ஆசான்மாரிடமும் போதகர்களிடமும் இப்படி உட்கார்ந்து பேசினால் எத்தனையோ பேர் இரண்டு வருஷம் முன்னதாக ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

படிப்பைப் பற்றியும் உங்கள் பக்கம் ஒன்றை அழுத்திச் சொல்லியிருக்கலாம். இந்திய மறுவாழ்வு மன்றத்தில், ஆர்.சி.ஐ. என்பார்களே அதில், பதிவு இல்லாமல் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கக்கூடாது. மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ் வாங்கிவிட்டு கவுன்சிலிங் சென்டர் திறப்பதெல்லாம் வேறு கணக்கு. எம்.ஃபில். பட்டம் பொதுவாக நிறுத்தப்பட்டுவிட்டதால் இந்தப் படிப்பின் முறையும் மாறிக்கொண்டிருக்கிறது, ஆகையால் சேரப்போகிற கல்லூரிக்கு அந்த வருஷம் மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்று பெற்றோர் நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, இவர்களுடையது இல்லை என்பதையும் ஒரு வரி போடுங்கள், பல பேர் இன்னும் குழம்புகிறார்கள்.

கல்லூரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதுகலை பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும்போது அவரவர் ஊருக்குப் பக்கத்திலேயே போட்டுவிடாதீர்கள். வயல்காட்டுப் பிள்ளை குளச்சலுக்குப் போகட்டும், கடற்கரைப் பிள்ளை பேச்சிப்பாறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரட்டும், சபைக்குப் போகிற பிள்ளை ஒரு கொடை விழாவைக் கடைசிவரை பார்க்கட்டும், கொடை பார்த்து வளர்ந்த பிள்ளை ஒரு துக்க வீட்டு ஜெபத்தில் பின் வரிசையில் உட்காரட்டும். நோட்டும் பேனாவும் இல்லாமல். திரும்பி வந்த பிறகு நேர்முகத்தில் அவர்களிடம் என்ன பார்த்தாய் என்று கேட்பதைவிட எந்த இடத்தில் உனக்கு எரிச்சல் வந்தது என்று கேளுங்கள். ஒன்றுமே வரவில்லை என்று சொல்கிற பிள்ளையை இன்னொரு தடவை அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் காரியம். அடுத்த தடவை இந்தப் படிப்பைப் பற்றிப் போடும்போது பக்கத்தின் அடியில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் போட்டுவிடுங்கள். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். சைக்காலஜி படிக்கலாமா என்று அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற பிள்ளைகளில் சிலர், படிப்பை நினைத்து மட்டும் புரட்டுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.